ஆயா பார்த்த பிள்ளைகள்

கண் ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் காலை, எங்கள் வீட்டுக் கூடத்தில் யாரோ கோலம் போட்டிருந்தார்கள். சிக்குக் கோலம். நேர்ப்புள்ளி 15 இருக்கும். ஒவ்வொரு இழையும் எங்கே வளைந்து எதற்கு அடியில் புகுந்து போகிறது என்பதுவரை தெளிவாகத் தெரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, டாக்டர் சொன்னபடி தலையைக் குனிந்திருந்தேன். வெளியே ஐப்பசி மழை.

"ஏம்மா, கூடத்துக்குள்ள யாரு கோலம் போட்டது?" என்று கேட்டேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள். "என்ன கோலங்க?" என்றாள்.

அவள் குரலில் இருந்த பயம் எனக்குக் கேட்டது. "ஒண்ணுமில்ல, தெருவுல யாரோ பேசிக்கிட்டுப் போனாங்க" என்று மழுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு 11 நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த 11 நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மெய்ப்புத் திருத்துகிற வேலை. திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் சந்துக்குச் சந்து அச்சகம் இருந்த காலத்தில் தொடங்கியது. ஈய எழுத்து கோத்த காலத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே விழும். அதைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே கண் பழகியது. அப்புறம் டிடிபி வந்தது, அதற்கும் பழகினேன். மொத்தம் 34 வருடம். இத்தனை வருடமும் ஒற்றைக் கண்ணால் பார்த்த வேலை இது. இடது கண் பிறந்ததிலிருந்தே மந்தம். சோம்பேறிக் கண் என்பார்களே, அது. சிறு வயதில் யாரும் கவனிக்காமல் விட்டதால் அதில் எழுத்து தெரியாது, கை விரலை எண்ணலாம், அவ்வளவுதான். வலது கண்ணுக்கு மைனஸ் 9 கண்ணாடி.

அந்த வலது கண்ணில்தான் புரட்டாசிக் கடைசியில் ஓரமாக மின்னல் வெட்டத் தொடங்கியது. கூடவே கொசுக் கூட்டம் பறப்பதுபோலக் கறுப்புப் புள்ளிகள். ஒரு புத்தகத்துக்குக் கடைசி நான்கு ஃபாரம் (சேர்த்து அச்சடிக்கும் பக்கத் தொகுப்பு) பாக்கி இருந்தது, முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை எழுந்து வந்தது. விழித்திரை கிழிந்து, அந்தக் கிழிசல் வழியாக நீர் புகுந்து, சுவரிலிருந்து காரை பெயர்வதுபோலப் பெயர்ந்திருந்தது. இதைப் படிக்கிற யாருக்காவது இப்படித் திடீரென்று மின்னலும் கொசுவும் தெரிந்தால், அதுவும் கனமான கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தெரிந்தால், அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். பார்வையின் நடுப்பகுதி பெயர்வதற்கு முன்னால் போனால் கிடைக்கும் பார்வை வேறு, பெயர்ந்த பிறகு போனால் கிடைக்கும் பார்வை வேறு.

சென்னையில் கண்ணுக்கு ஆஸ்பத்திரிப் பஞ்சம் கிடையாது. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியின் வரலாறே 1819-இல் தொடங்குகிறது. ஊர்ப் பெயரை வைத்து மெட்ராஸ் ஐ என்று ஒரு நோய்க்கே பெயர் உண்டு. நான் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நன்றாகவே வேலை செய்தார்கள், அதில் எனக்குக் குறையில்லை. கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற திரவத்தை எடுத்துவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு வாயுவை நிரப்பினார்கள். பெர்ஃபுளூரோபுரொப்பேன் என்று அதற்குப் பெயர். அது தானாகவே கரைய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். குமிழி மேல்நோக்கித்தான் மிதக்கும் என்பதால், அது கண்ணின் பின்பக்கத்தை அழுத்த வேண்டுமானால் நாம் முகம் கவிழ்ந்து கிடக்க வேண்டும். விமானத்தில் ஏறக்கூடாது, மலை ஏறக்கூடாது, உயரத்தில் காற்றழுத்தம் குறைந்தால் குமிழி விரிந்து கண்ணையே கெடுத்துவிடும் என்றெல்லாம் தெளிவாகச் சொன்னார்கள். கையில் ஒரு பட்டையும் கட்டிவிட்டார்கள்.

வாயு நிரம்பிய கண்ணில் பார்வை இருக்காது என்பதையும் சொன்னார்கள். முகத்துக்கு முன்னால் கை ஆடினால் ஆடுகிறது என்று தெரியும். இன்னொரு கண் நன்றாக இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. எனக்கு அதோடு உலகம் மூடிக்கொண்டது.

சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். பார்வை இல்லாத கண்ணில் காட்சிகள் வரலாம் என்பது.

இரண்டாம் நாள் ஊதாவும் பச்சையுமாக நிறம் வந்து போனது, அதை நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் எங்கே திரும்பினாலும் பிரம்பு நாற்காலிப் பின்னல். அறுகோணம் அறுகோணமாக, சுவர் முழுக்க, கூரை முழுக்க. நான்காம் நாள்தான் அந்தக் கோலம். என்னை அதிர வைத்தது கோலம் இருந்ததல்ல; அது அவ்வளவு துல்லியமாக இருந்ததுதான். எங்கள் வீட்டுச் சிவப்புத் தரை எனக்கு ஒரு மங்கலான சிவப்பாகத்தான் தெரிந்தது. என் கால் விரல் எனக்குத் தெரியவில்லை. அதே தரையின் மேல் அரிசி மாவு இழை மட்டும், கண்ணாடி போட்டுக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் எழுத்து வந்தது. இதை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. தலையணை உறையின் மேல், ஒரு பக்கம் முழுக்க, கறுப்பு மையில், நேர்த்தியாக ஓரம் சேர்த்த வரிகள். தமிழ் எழுத்து மாதிரியே இருக்கும். சுழி இருக்கும், கொம்பு இருக்கும், புள்ளிகூட இருக்கும். படிக்கப் போனால் ஒன்றுகூட எழுத்தில்லை. ஒரு வரியைப் பிடித்துப் படிக்க முயன்றால் அது நகர்ந்து அடுத்த வரியாகிவிடும். 34 வருடம் எழுத்தைப் பார்த்துச் சோறு தின்றவன், கண் போன நேரத்தில் படிக்க முடியாத எழுத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தீபாவளி அந்த வாரம்தான் வந்தது. தெருவெல்லாம் வெடிச் சத்தம். ஒரு மத்தாப்பு வெளிச்சம்கூட எனக்குத் தெரியவில்லை, எழுத்து மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

எட்டாம் நாளுக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். அரை அடி உயரம்கூட இருக்காது. தலைப்பாகை கட்டி, மஞ்சளும் நீலமுமாக அங்கி போட்டு, வரிசையாக அலமாரி விளிம்பில் நடந்துபோவார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு சத்தமும் இருக்காது. உண்மையைச் சொன்னால் அவர்களைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது முகங்கள். மழையில் கரன்ட் போன ஒரு சாயங்காலம், உடம்பே இல்லாமல் ஒரு முகம், கண் இரண்டும் பிதுங்கி, பல் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக, என் முகத்துக்கு எதிரே வந்து நின்றது. நான் கத்தவில்லை. கத்தினால் மனைவி வருவாள், என்ன என்று கேட்பாள், சொல்ல வேண்டியிருக்கும். போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தேன்.

இவை நிஜமில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் பயந்தேன். அந்த முகத்துக்குப் பயந்ததைவிட அதிகமாக, எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று பயந்தேன். இன்றைக்குக் கோலம், நாளைக்கு இவை எல்லாம் நிஜம் என்று நம்பத் தொடங்கிவிடுவேன், மகள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு அலைவாள் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன். ஏழாம் நாள் பரிசோதனைக்குப் போனபோது பெரிய டாக்டர் கண்ணைப் பார்த்து "ரெட்டினா நல்லா ஒட்டியிருக்கு, பிரஷர் ஓகே" என்றார். வெளியே 40 பேர் காத்திருந்தார்கள். நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் போனபோது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்ட இளம் டாக்டரம்மா, என் கோப்பைப் புரட்டிவிட்டு, "சார், உங்களுக்கு இடது கண்ணும் பார்வை கம்மி இல்ல? வீட்ல இருக்கும்போது ஏதாவது டிசைன், உருவம், ஆளுங்க அந்த மாதிரி தெரியுதா? நிறைய பேருக்குத் தெரியும், சொல்லத் தயங்குவாங்க" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் அழுதுவிட்டேன். ஆபரேஷன் செய்த கண்ணில் அழலாமா கூடாதா என்றுகூடத் தோன்றவில்லை. அப்புறம் பிரம்புப் பின்னலிலிருந்து பல் முகம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுக்கும் ஆச்சரியப்படவில்லை. "சத்தம் கேக்குதா? அவங்க உங்ககிட்ட பேசறாங்களா? வாசனை வருதா? காய்ச்சல், குழப்பம் ஏதும்?" என்று கேட்டார். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "அப்போ இதுக்குப் பேர் இருக்கு சார். சார்லஸ் போனே சிண்ட்ரோம். மனநோய் இல்லை. பார்வை திரும்பி வர வர இது தானா போயிடும்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பாரதி சாலை திரும்பும்போது, "பதினொரு நாளும் தனியாவா பார்த்துக்கிட்டுக் கிடந்தீங்க?" என்று கேட்டாள்.

அன்று ராத்திரி மகள் பக்கத்தில் உட்கார்ந்து தேடித் தேடி வாசித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு நானே நிறையப் படித்திருக்கிறேன். போனே ஜெனீவாக்காரர், பூச்சிகளை ஆராய்ந்தவர். பெண் அசுவினிப் பூச்சி ஆண் துணை இல்லாமலே குட்டி போடுகிறது என்று 1740-இல், இருபது வயதில், காட்டியவர். உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்து அவருடைய கண்ணே கெட்டது. அவருடைய தாத்தா சார்லஸ் லுலான் 90 வயதை நெருங்கியவர், இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டவர், பிறகு பார்வை மங்கியவர். அவருக்குக் காற்றில் மிதக்கும் நீலக் கைக்குட்டை தெரிந்தது. பிறகு ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள். புத்தி சுவாதீனத்தோடு இருந்த அந்த மனிதர் பார்த்ததை எல்லாம் சொன்னார், பேரன் நம்பினார். 1760-இல் எழுதியும் வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் அதே ஜெனீவாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் தெ மோர்ஸியே இந்த நிலைக்குப் போனேயின் பெயரை வைத்தார். எனக்கு இதில் நெஞ்சைத் தொடுவது அந்தப் பேரன்தான். தாத்தா இல்லாததைப் பார்க்கிறார் என்று தெரிந்தும், உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

ஏன் வருகிறது என்பதை என் தொழிலை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு முதல் எதிரி அவனுடைய மூளை. பக்கத்தில் 'வந்தன்' என்று இருக்கும். மூளை அதை 'வந்தான்' என்று படித்துவிட்டு நகர்ந்துவிடும். கண் பாதியைக் கொடுத்தால் மீதியை அது போட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் வரிக்குக் கீழே அளவுகோல் வைத்து எழுத்தெழுத்தாகப் போவோம். பார்ப்பது என்பதே எல்லோருக்கும் எந்நேரமும் இப்படித்தான் நடக்கிறது. பார்வைக்கான பகுதி மூளையின் பின்புறம், பிடரிக்கு மேலே இருக்கிறது. கண்ணிலிருந்து வர வேண்டிய சேதி திடீரென்று நின்றுவிட்டால், அந்தப் பகுதி ஓய்ந்து உட்காருவதில்லை. தானாகவே கிளம்பிவிடுகிறது. கால் எடுக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கால் அரிப்பதுபோல என்று சொல்கிறார்கள்.

இது கண் நோயாளிகளுக்கு மட்டும் வருவதும் இல்லை. 2004-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வில், பார்வை நன்றாக இருந்த 13 பேருக்கு ஐந்து நாள் தொடர்ந்து கண்ணைக் கட்டிவைத்தார்கள். அவர்களில் 10 பேருக்குக் காட்சிகள் வந்தன. 1998-இல் லண்டனில், இப்படிக் காட்சி காண்பவர்களை ஸ்கேனில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். நிறம் தெரிந்தவர்களுக்கு மூளையில் நிறத்தை அறியும் இடம் கிளர்ந்திருந்தது; முகம் தெரிந்தவர்களுக்கு முகத்தை அறியும் இடம். அப்படியென்றால் என் தலையணை மேல் எழுத்து ஓடியபோது, எழுத்தைப் படிக்கும் இடம் வேலையில்லாமல் தவித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

மருந்து ஏதும் தரவில்லை. உருவம் வந்தால் விளக்கைப் போடுங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள், இடமும் வலமுமாகப் பாருங்கள், எழுந்து நாலடி நடங்கள் என்றார் டாக்டரம்மா. பல் முகம் அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. விளக்கைப் போடச் சொன்னேன், போய்விட்டது. தலைப்பாகைக்காரர்களை நான் விரட்டவில்லை. மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னிக்கு எத்தனை பேரு வந்திருக்காங்க?" என்று கேட்கத் தொடங்கினாள்.

அப்பாவைப் பெற்ற ஆயாவின் நினைவு வந்தது அப்போதுதான்.

1974. எனக்குப் பத்து வயது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆயாவை மெட்ராசுக்குக் கூட்டிவந்து புரை ஆபரேஷன் செய்தார்கள். இன்று கால் மணி நேர வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அன்று அப்படியில்லை. இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள்கணக்கில் படுக்கப் போட்டார்கள். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் வழக்கமும் கிடையாது. கட்டைப் பிரித்த பிறகும் கனமான சோடாபுட்டிக் கண்ணாடி வர ஆறு வாரம் ஆகும். அதுவரை எல்லாம் புகைமூட்டம்தான்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ஆயா, "கட்டில் கிட்ட பிள்ளைங்க நிக்குதுங்க, யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்று கேட்டது. ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். "சாப்பிட்டீங்களாடா கண்ணுங்களான்னு கேட்டா ஒண்ணும் பேச மாட்டேங்குதுங்க" என்று ஆயா சொன்னது எனக்கு இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது. பேச மாட்டேன் என்கிறார்கள். என் தலைப்பாகைக்காரர்களும் பேசவில்லை. ஐம்பது வருடத்துக்கு அப்புறம் எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

கண்கட்டு போட்டவர்களுக்கு இப்படி ஆகும் என்பது மருத்துவர்களுக்கு அன்றே தெரியாததில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மனக் குழப்பத்தைப் பற்றி 1958-இலேயே அமெரிக்காவில் வைஸ்மன், ஹாக்கெட் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள். கறுப்புக் கட்டின் பிதற்றல் என்கிற பொருளில் அதற்கு ஒரு பெயரும் புழங்கியது. பிதற்றல் வேறு, போனே சொன்னது வேறு. பிதற்றலில் ஆள் குழம்பிப்போவார், பார்ப்பதை நம்புவார். ஆயா குழம்பவில்லை. பால் கணக்கைச் சரியாகச் சொல்லும், யார் யார் பாக்கி தர வேண்டும் என்று சொல்லும். அதோடு அந்தப் பிள்ளைகளையும் சொல்லும்.

வீட்டில் யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. குழந்தையிலேயே இறந்துபோன இரண்டு பிள்ளைகள் ஆயாவுக்கு உண்டு. அவைதான் வருகின்றன என்று அத்தை சொல்லிவிட்டாள். ஊரெல்லாம் பேசிற்று. பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்தார்கள், கையில் தாயத்து கட்டினார்கள். அடுத்த வாரம் கண்ணாடி வந்தது. பிள்ளைகள் வருவது நின்றது. பூசாரிக்கு வேட்டியும் சேவலும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆயா மட்டும் அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம், "அங்க ஆடு நிக்குது இல்ல? நெசமாத்தானே நிக்குது?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளும். சாகிறவரை அந்தப் பழக்கம் போகவில்லை. நாங்கள் சிறுவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

என் குமிழி மார்கழி முதல் வாரம்வரை இருந்தது. கரையக் கரைய, பார்வைக்குள் தண்ணீர் மட்டம்போல ஒரு கோடு ஆடும். கோட்டுக்கு மேலே உலகம் தெரியும். கோடு தினம் கொஞ்சம் இறங்கியது. மேலே காலண்டர், பிறகு மின்விசிறி ஸ்விட்ச், பிறகு மனைவியின் முகம். தலைப்பாகைக்காரர்கள் கூட்டம் குறைந்து, கடைசியாக ஒருவர் மட்டும் ஒரு விடியற்காலையில் நடந்துபோனார். பிறகு யாரும் வரவில்லை. குமிழி ஒரு மிளகு அளவாகி, ஒரு நாள் பல் தேய்க்கும்போது காணாமல் போனது. நேர்க்கோடுகள் இன்னும் லேசாக வளைந்துதான் தெரிகின்றன. ஆனால் எழுத்து தெரிகிறது. தை மாதம் முதல் ஃபாரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரியை வாய்விட்டுப் படித்தேன்.

அப்பாவின் கூடப்பிறந்தவர்களில் இப்போது இருப்பது சித்தப்பா மட்டும்தான். வயது 75. போன மாதம் அவருக்கும் புரை என்று சொல்லிவிட்டார்கள். தைரியம் சொல்லத்தான் போன் போட்டேன். பேச்சுவாக்கில் என் கதை எல்லாவற்றையும் சொன்னேன். கோலம், எழுத்து, தலைப்பாகை, டாக்டரம்மா சொன்ன பெயர், ஜெனீவாத் தாத்தா. கண்ணாடி வந்த வாரத்தில் ஆயாவின் பிள்ளைகள் ஏன் போனார்கள் என்பதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்போ அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையாடா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சித்தப்பா."

"வரமாட்டேன், வரமாட்டேன்னுச்சு. நான்தான் கையைப் புடிச்சி பூசாரிகிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன்" என்றார்.